ஒரு கார் அளவு பிளாட்பாரம்

எங்க சாத்தப்பன் தெருவுல காருக்கு வேர் விட்ட கதையைச் சொல்ற எல்லாரும் காரிலிருந்துதான் ஆரம்பிப்பாங்க, நான் தண்ணியிலிருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா நகராம ஒரே இடத்துல நிக்கற எது மேலயும் தினமும் காலையில ஒரு பக்கெட் தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தா அது இரும்பா இருந்தாலும் என்னைக்காவது துளிர்க்கத்தானே செய்யும், இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு சொல்லுங்க.

நான் மனோன்மணி, தெரு நலச்சங்கத்துக்குச் செக்ரட்டரி. யாரும் ஓட்டுப் போட்டு நான் வரல. அன்னைக்குக் கூட்டத்துக்குக் கொஞ்சம் லேட்டா போனேன், நான் மாடி ஏறி மூச்சு வாங்கறதுக்குள்ள என் தலையில கட்டிட்டாங்க, அதுலேர்ந்து சாக்கடை அடைச்சாலும் மனோன்மணி, தெருவிளக்கு எரியலைன்னாலும் மனோன்மணி, நாய் குட்டி போட்டாலும் மனோன்மணி. தூக்கத்துல கூட யாரோ "மேடம், ஒரு நிமிஷம்"னு கூப்பிடற மாதிரியே இருக்கும். அலுத்துப்போச்சுங்க, உடம்பு இல்ல, உள்ளுக்குள்ள எதுவோ அலுத்துப்போச்சு.

எங்க தெருவோட கெட்ட நேரம், ரெண்டு பக்கப் பிளாட்பாரத்தையும் சரியா ஒரு கார் அகலத்துக்குக் கட்டி வெச்சுட்டான் எந்தப் புண்ணியவானோ. அகலம் இன்னும் குறைச்சலா இருந்திருந்தா காரு ஏறியிருக்காது, கூடுதலா இருந்திருந்தா காரு ஏறின பிறகும் மனுஷனுக்கு மிச்சம் இருந்திருக்கும். காரும் ஏறிச்சு, மனுஷன் கீழ இறங்கினான். நடக்கறவங்க பாவம் எப்படியோ ஒண்டிக்கிட்டு, கண்ணாடியில முழங்கை இடிச்சுக்கிட்டு, போனா போகுதுன்னு போயிடுவாங்க. ஓடறவங்களாலதான் அப்படிப் போக முடியாது. டாக்டர் திட்டினதுக்காக ஒரு வாரம் ஓடிட்டு நிறுத்தற பெரிய மனுஷங்களை நான் சொல்லல, எங்க தெருவுல நிஜமா ஓடினது ஒரே ஒருத்திதான், நிரோஷா.

நிரோஷா, டிரைவர் ஏகாம்பரத்தோட ஒரே பொண்ணு. அப்பனும் பொண்ணும் தெருக்கோடியில ஒத்தை ரூம்ல குடியிருந்தாங்க. அவ போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணிட்டா, இனி ஓட்டம்தான் பாக்கி, அந்த ஓட்டத்துல ஜெயிச்சா காக்கிச்சட்டை, தோத்தா பக்கத்து ஜவுளிக்கடையில நாள் முழுக்க நின்னுக்கிட்டு இருக்கற வேலை. இருந்த ஒரு மைதானத்துல கல்யாண மண்டபத்து வண்டிங்க நிக்குது. "எனக்கு மைதானம்லாம் வேணாம் ஆன்ட்டி, குறுக்க எதுவும் இல்லாத பிளாட்பாரம் இருந்தாப் போதும்"னு அவ எங்கிட்ட வந்து கேட்டப்போ, பார்க்கலாம்மான்னு சொன்னேன். செக்ரட்டரிகளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்.

ஏகாம்பரம் டிரைவரா இருந்தது வரதராஜுலு சார்கிட்ட. ஹார்பர்ல பெரிய வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், தெருவுக்கு நடுவுல வீடு, வீட்டு வாசல்ல பிளாட்பாரம், பிளாட்பாரத்து மேல கிரீம் கலர் கார். ஏகாம்பரம் தினமும் பொழுது விடியறப்போ வந்து, பக்கெட்ல தண்ணி பிடிச்சு, கூரையிலிருந்து டயர் வரைக்கும் ஊத்திக் கழுவி, துணியால துடைச்சு, சக்கரத்துக்குக் கீழ தண்ணி தேங்கி நிக்கற அளவுக்குச் சேவை பண்ணுவார். சார் வெளிய போறது எப்பவோ ஒரு நாள். ஆனா கழுவறது மட்டும் தினமும்.

அப்படி எப்பவோ ஒரு நாள் கல்யாணத்துக்குக் கிளம்பி, சார் பின் சீட்ல பேப்பரோட உக்காந்துட்டார். ஏகாம்பரம் சாவி போட்டார், இன்ஜின் உறுமிச்சு, கார் ஒரு தடவை சிலிர்த்துக்கிச்சு, ஆனா நகரல. அவர் இறங்கிக் குனிஞ்சு பார்த்துட்டு வந்து சொன்னார்:

"சார், வேர் விட்டிருக்குது."

சார் பேப்பரை இறக்காமயே கேட்டார், "எத்தனை சக்கரத்துல?"

"நாலுலயும் சார்."

"அப்ப ஒரு ஆட்டோ கூப்பிடு."

அவ்வளவுதான் நடந்துச்சு. மெக்கானிக் வந்தான், படுத்துப் பார்த்தான், இது இன்ஜின் கோளாறு இல்லம்மா, தோட்டக்காரரைக் கூப்பிடுங்கன்னான். தோட்டக்காரர் வந்தார், வைப்பர் நுனியில வந்திருந்த கொழுந்தைக் கிள்ளி மோந்து பார்த்துட்டு, இலை நல்லாத்தான் இருக்கு, ஆனா டயர்லேர்ந்து வர்றதுல நான் கை வைக்கமாட்டேன், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கன்னார். ரெண்டு பேரும் எங்க வீட்ல காப்பி குடிச்சுட்டுப் போனாங்க. வண்டி இழுக்கற லாரி வந்து சங்கிலி போட்டு இழுத்துச்சு, கார் அசையல, பிளாட்பாரத்துக் கல்லு ரெண்டு பேர்ந்து வந்துச்சு, லாரிக்காரங்க அந்தக் கல்லைத் திரும்ப வெச்சுட்டுப் போயிட்டாங்க.

நான் கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போனேன். வண்டியா இருந்தா மாடி ஆபீஸ், மரமா இருந்தா கீழ் ஆபீஸ்னு சொன்னாங்க. மாடியில போய்க் கேட்டா இலை இருக்கறதால இது மரம், கீழ வந்து கேட்டா நம்பர் பிளேட் இருக்கறதால இது வண்டி, அப்படியே மரம்னு வெச்சுக்கிட்டாலும் பச்சை மரத்தை வெட்ட அனுமதி கிடையாது, அப்படியே வண்டின்னு வெச்சுக்கிட்டாலும் மண்ணுல வேரோட இருக்கறதை நகர்த்த எங்களுக்கு அதிகாரம் கிடையாது. ஏறி இறங்கி ஏறி இறங்கி என் முட்டிதான் தேய்ஞ்சுது. இன்சூரன்ஸ்காரர் மட்டும் வீட்டுக்கே வந்து ரொம்ப மரியாதையா கேட்டார், இது விபத்தா விளைச்சலாங்கன்னு.

ஒரு மாசத்துல தெருவுக்கே அது பழகிப்போச்சு. கார் கூரையைச் சுத்திக் கிளை வந்துச்சு, கேரியர்ல காக்கா கூடு கட்டுச்சு, வெயில் நேரத்துல கொரியர்க்காரங்க அந்த நிழல்ல நின்னு போன் பேசினாங்க. இலையைக் கசக்கினா லேசா பெட்ரோல் வாசனை வரும், மத்தபடி நல்ல இலைதான். யாரோ ஒரு வெள்ளிக்கிழமை பம்பர்ல மஞ்சக்கயிறு கட்டினாங்க, அடுத்த வெள்ளிக்கிழமை பானெட்டுக்குக் குங்குமம் வந்துச்சு, ரெண்டு பேருக்குக் குழந்தை உண்டாச்சுன்னு பேச்சு வந்துச்சு, அந்த ரெண்டு பேர் யாருன்னு யாருக்கும் தெரியல. வரதராஜுலு சார் தினமும் காலையில பின் கதவைத் திறந்து உள்ள உக்காந்து பேப்பர் படிச்சார். ஏகாம்பரத்துக்கு ஓட்ட வண்டி இல்லைன்னாலும் வேலை போகல, காலையில ஒரு பக்கெட், சாயங்காலம் ஒரு பக்கெட், தண்ணி ஊத்தறதுதான் வேலைன்னு ஆயிடுச்சு.

இதோட விட்டிருந்தா ஒரு காரோட போயிருக்கும். ஆனா எங்க ஜனங்களுக்கு மூளை இருக்கே, அது சும்மா இருக்குமா? இடம் பிடிக்கறதுக்காக வாசல்ல கல்லு வெக்கறது, கால் உடைஞ்ச சேர் போடறது, செத்துப்போன துளசித் தொட்டியை நிறுத்தறது, இதுக்காகவே அண்ணன் தம்பி வருஷக்கணக்கா பேசாம இருக்கற தெரு இது. அவங்களுக்கு ஒரு நாள் சுரீர்னு உறைச்சுது, வேர் விட்ட காரை யாரும் எடுக்கச் சொல்ல முடியாது, அந்த இடம் இனி பேரன் பேத்தி காலத்துக்கும் நமக்குத்தான். அவ்வளவுதான், மறுநாள் காலையிலேர்ந்து தெரு முழுக்கப் பக்கெட் சத்தம். அரிசி களைஞ்ச தண்ணி ஊத்தினாங்க, மீன் கழுவின தண்ணி ஊத்தினாங்க, ரோஜாச்செடிக்குப் போடற டீத்தூளை டயரைச் சுத்திப் போட்டாங்க, ராத்திரி எடுத்தா வேர் அறுந்துடும்னு ஆஸ்பத்திரிக்குப் போறவங்க கூட ஆட்டோவுல போனாங்க. எங்க வீட்டுக்காரர் எங்க பழைய ஸ்கூட்டருக்கு ரகசியமா ஒரு சொம்பு ஊத்திப் பார்த்தார். அது வேர் விடல, துருப்பிடிச்சுது.

மழைக்காலம் முடியறதுக்குள்ள ரெண்டு பக்கப் பிளாட்பாரமும் பச்சைப் பசேல்னு ஆயிடுச்சு. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா வேர் விட்ட கார்ல கடைக்குப் போக முடியுமா? எல்லாரும் ரெண்டாவது கார் வாங்கினாங்க. அந்தக் கார் எங்க நிக்கும்? ரோட்டுல. மிச்சம் இருந்த ஒத்தை வழியில பைக், ஆட்டோ, தண்ணி லாரி, பால் வண்டி, ஸ்கூல் வேன், இதுக்கு நடுவுல நிரோஷா ஓடினா.

நான் மொட்டை மாடியில மீட்டிங் போட்டேன். வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு? நிரோஷா எழுந்து நின்னு பேசினா. "நான் யாரையும் காரை வெட்டச் சொல்லல. ஓடறவங்களுக்கும் ஓட்டறவங்களுக்கும் ரெண்டு பேருக்கும் ஆகற மாதிரி ஒரு வழி சொல்லுங்க, அதும்படி நடந்துக்கறேன்."

"ஓடணும்னா பீச்சுக்குப் போறது"ன்னார் ஒருத்தர்.

"பீச்சுக்கு ரெண்டு பஸ் மாறணும் சார்."

"அப்ப அந்த பஸ் பின்னாலயே ஓடிடு, டிக்கெட்டும் மிச்சம்"னார். எல்லாரும் சிரிச்சாங்க. தண்ணித் தொட்டி ஓரமா நின்னுக்கிட்டிருந்த ஏகாம்பரம், முதலாளிமாருங்க சிரிக்கறாங்களேன்னு அவரும் கொஞ்சம் சிரிச்சார்.

எப்படியோ பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தாங்க. விடியற நேரம் ரோடு ஓடறவங்களுக்கு, அந்த நேரத்துல வண்டி எடுக்கறவங்க இறங்கிப் பார்த்துட்டுத்தான் எடுக்கணும், ஓடறவங்க கண்ணுக்குத் தெரியற கலர்ல சட்டை போடணும். நிரோஷா தன் காசுல பளீர்னு ஆரஞ்சுக் கலர் பனியன் வாங்கினா. முதல் வாரம் எல்லாரும் ஒழுங்கா இருந்தாங்க. அடுத்த வாரம் ஒருத்தருக்கு ஏர்போர்ட், ஒருத்தருக்கு முகூர்த்தம், ஒருத்தருக்குப் பிள்ளையோட பரீட்சை. ஆபத்துக்குப் பாவமில்லைம்பாங்க, எங்க தெருவுல அந்த ஆபத்து தினமும் விடியறப்போ எழுந்துக்கும். பனியன் மட்டும்தான் மிச்சம்.

பங்குனி பிறந்தப்போ வரதராஜுலு சார் கார் பூத்துச்சு. ஹெட்லைட்டுக்குள்ள ஒரு கொத்து, பின் கண்ணாடியோரம் ஒரு கொத்து, கொன்றை மாதிரி மஞ்சளும் இல்ல, செம்பருத்தி மாதிரி சிவப்பும் இல்ல, ஆரஞ்சு. கொஞ்சம் காத்தடிச்சா ஆடும். பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆளுங்க வந்தாங்க.

அந்த வாரத்துலதான் சாரோட பெரிய பையனை ஸ்டேஷன்ல கொண்டுபோய் விடணும்னு, ரெண்டாவது காரை ஏகாம்பரம் விடிகாலையில எடுத்தார். பூத்து நின்ன முதல் காரை ஒட்டி ரோட்டுல நின்னுக்கிட்டிருந்துச்சு அது. பையன் உள்ள உக்காந்துக்கிட்டு டைம் ஆச்சு, டைம் ஆச்சுன்னு பறந்தான். ஏகாம்பரம் இறங்கிப் பார்க்கல. ரிவர்ஸ் போட்டார், வண்டி அதுக்குன்னு வெச்சிருக்கற பாட்டைப் பாட ஆரம்பிச்சுது, கண்ணாடியில பார்த்தார், இலைக்கு நடுவுல ஆரஞ்சா எதுவோ ஆடிச்சு, பூன்னு நினைச்சுக்கிட்டு எடுத்தார்.

பூ இல்ல. அவ வந்த வேகத்துக்கு ஒதுங்கப் பார்த்திருக்கா, ஒதுங்கினா ஏறிக்கறதுக்குப் பிளாட்பாரம்னு ஒண்ணு இருக்கணும் இல்ல, அங்க வேரும் பம்பரும்தான் இருந்துச்சு. வண்டியோட பின்பக்கம் இடிச்சு, பிளாட்பாரத்து விளிம்புல முட்டி மோதி விழுந்தா. நான் பால் பாக்கெட்டோட வாசல்ல நின்னேன். அவ "அப்பா"ன்னுதான் கத்தினா, யார் ஓட்டறாங்கன்னு தெரிஞ்சு கத்தினாளா, வலியில எல்லாரும் கூப்பிடற மாதிரி கூப்பிட்டாளான்னு தெரியல. ஏகாம்பரம் கதவைத் திறந்துக்கிட்டு வந்தவர் அவளைத் தூக்கக் கூட இல்ல, பக்கத்துல உக்காந்துட்டார், "பூன்னு நினைச்சேன்மா, பூன்னு நினைச்சேன்"னு அதையே சொல்லிக்கிட்டிருந்தார். வண்டி ரிவர்ஸ்லயே நின்னு பாடிக்கிட்டே இருந்துச்சு. நான்தான் போய் சாவியைத் திருப்பினேன்.

முட்டி ஜவ்வு கிழிஞ்சுபோச்சுன்னாங்க. அந்த மாசத்து ஓட்டத் தேர்வு போச்சு. அடுத்த தடவைதான் அவ வயசுக்குக் கடைசி, அது தவறினா அப்புறம் கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. தெரு ஜனங்க ஆர்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கிட்டுப் போய்ப் பார்த்தாங்க. விதின்னாங்க. பனியன் இன்னும் கொஞ்சம் பளிச்சுனு இருந்திருக்கலாம்னாங்க. திரும்பி வந்து அவங்கவங்க காருக்குத் தண்ணி ஊத்தினாங்க.

ஏகாம்பரம் மறுநாளும் வழக்கம்போல வந்தார், பக்கெட்டைத் தூக்கினார், காரைச் சுத்தி வந்தார், துடைச்சார். நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன், எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது, அந்தப் பக்கெட்ல தண்ணியே இல்ல. ஈரத்துணி மட்டும்தான் இருந்துச்சு.

அந்த வருஷம் சித்திரை, வைகாசி ரெண்டும் எங்களைப் போட்டு வாட்டுச்சு. போர் கிணறு எல்லாம் காத்து வாங்குச்சு, தண்ணி லாரி பின்னால குடத்தோட ஓடினோம், குளிக்கத் தண்ணி இல்லாதவங்க கூட காருக்கு அரைப் பக்கெட் மிச்சம் பிடிச்சாங்க. எல்லாக் காரும் எப்படியோ பிழைச்சுக்கிச்சு. வரதராஜுலு சார் கார் மட்டும் முதல்ல பூவைக் கொட்டுச்சு, அப்புறம் இலையைக் கொட்டுச்சு, அப்புறம் காக்கா கூட்டைக் காலி பண்ணிட்டுப் போச்சு. வெள்ளிக்கிழமை குங்குமக்காரங்க எதிர் வீட்டுக் காருக்கு மாறிட்டாங்க.

ஒரு நாள் சார் வீட்லேர்ந்து கூச்சல். செக்ரட்டரி அம்மாவைக் கூப்பிடுங்கன்னு. போனேன். சார் கார் பக்கத்துல கைத்தடியோட நின்னுக்கிட்டிருந்தார், மூஞ்சி செவந்திருந்துச்சு.

"யோவ் ஏகாம்பரம், செக்ரட்டரி முன்னாடி சொல்லு. தண்ணி ஊத்தினியா இல்லையா?"

"ஊத்தல சார்."

"எப்பலேர்ந்து?"

"பாப்பா விழுந்ததுலேர்ந்து சார்."

"அடப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற ஆளை வெச்சு ஊத்தியிருப்பேனே!"

"அதான் சார் சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். ஆனா சார் அதுக்கப்புறம் கத்தல. அவர் குரல் இறங்கிப்போச்சு. "மாடி பெரியவனுக்கு, கீழ சின்னவனுக்கு, போர்டிகோவை டியூஷன் சென்டருக்கு விட்டாச்சு. என் கட்டில் ஹால்ல கிடக்குது, தெரியுமில்ல உனக்கு? எனக்குன்னு இருந்தது இந்தக் காரும் இது நிக்கற இடமும்தான்யா. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்தா யாரும் எந்திரிங்கன்னு சொல்லமாட்டாங்க. அதையும் காய வெச்சுட்டியே."

ஏகாம்பரம் அழுதுட்டார். "தப்புத்தான் சார். உங்க உப்பைத்தான் தின்னேன். ஆனா எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு சார். அவளை நானே இடிச்சுட்டேன். அவளுக்கு எந்திரிச்சு ஓட ஒரு இடம் வேணும் சார், என்னால கொடுக்க முடிஞ்சது இந்த ஒரு கார் அளவுதான்."

சார் பின் கதவைத் திறந்து உள்ள போய் உக்காந்தார்.

"சாவி போடு"ன்னார்.

ஏகாம்பரம் சாவி போட்டார். இன்ஜின் இருமுச்சு, இருமுச்சு, அப்புறம் பிடிச்சுக்கிச்சு. கீழ காஞ்ச வேர் ஒவ்வொண்ணா படபடன்னு முறிஞ்ச சத்தம் கேட்டுச்சு, கார் பிளாட்பாரத்தை விட்டு ரோட்டுல இறங்கிச்சு. சருகைக் கொட்டிக்கிட்டே, மஞ்சக்கயிறைத் தேய்ச்சுக்கிட்டே, தெருவைத் தாண்டிப் போச்சு. இவ்வளவு நாளும் நிழல்ல நின்னவங்க ஒருத்தர் கூட நிமிர்ந்து பார்க்கல, போன்ல பேசிக்கிட்டிருந்தாங்க. காரை சாரோட மச்சான் ஊர்ல ஒரு ஷெட்டுல விட்டாங்களாம். அங்க எப்பவுமே தண்ணிப் பஞ்சம்தான், பயமில்ல.

சாரோட பிள்ளைங்க அன்னைக்கே ஏகாம்பரத்தை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. இப்ப அவர் ஒரு ஸ்கூல் வேன் ஓட்டறார். ஒவ்வொரு தடவையும் ரிவர்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடி இறங்கி, வேனைச் சுத்தி வந்து, பின்னால நின்னு ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, அப்புறம்தான் எடுப்பார். பின்னால நிக்கறவன் ஹார்ன் அடிச்சு, அவர் அம்மாவையும் ஆத்தாவையும் இழுத்துத் திட்டுவான். திட்டிட்டுப் போகட்டும்மா, நான் பார்த்துட்டுத்தான் எடுப்பேன்ம்பார்.

பிளாட்பாரத்துல ஒரு கார் அளவுக்கு வெறும் இடம் கிடைச்சுது. கல்லு பேர்ந்து மேடும் பள்ளமுமா இருந்துச்சு, எங்க வீட்டுக்காரரை விட்டு மண்ணு போட்டு மட்டம் பண்ணச் சொன்னேன், ஸ்கூட்டருக்குத் தண்ணி ஊத்தின பாவத்துக்கு அதையாவது செய்யட்டும்னு. நிரோஷா முட்டியில கட்டோட வந்தா. அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்தா, திரும்பினா, நடந்தா, திரும்பினா. ரெண்டு மாசத்துல நடை ஓட்டமாச்சு. ஒரு கார் நீளத்துக்குள்ள ஓடித் திரும்பி ஓடித் திரும்பி ஓடறதைப் பார்த்தா, கூண்டுக்குள்ள ஏதோ ஓடற மாதிரி எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். அவகிட்ட சொன்னேன். "குறுக்க எதுவும் இல்லையே ஆன்ட்டி, இதுவே சொர்க்கம்"னா.

ஆனா இது எங்க தெருவாச்சே! ஒரு நாள் காலையில போனா, காலி இடத்துல ஒரு கல்லு. எடுத்துப் போட்டேன். மறுநாள் கால் உடைஞ்ச சேர். எடுத்துப் போட்டேன். அதுக்கு மறுநாள் யார் வீட்டுச் செத்த துளசித் தொட்டியோ. அதுக்கு அடுத்த நாள், சாரோட பெரிய பையன் காரோட மூக்கு பிளாட்பாரத்து மேல பாதி ஏறி நின்னுச்சு, பக்கெட் கூட ரெடியா இருந்துச்சு. மீட்டிங் போட எனக்குத் தெம்பு இல்ல. நேரா போய் அந்தக் காருக்கு முன்னாடி நின்னேன். "மேடம், நகருங்க"ன்னான். "மேல ஏத்துப்பா"ன்னேன். "நான் போயிட்டா யார் செக்ரட்டரியா வர்றீங்கன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு ஏத்து." அவன் யோசிச்சான். பின்னால எடுத்துட்டான்.

அன்னையிலேர்ந்து தினமும் நான் அங்க நின்னேன். விடியறப்போ போய் ஒரு ஓரமா நின்னா, நிரோஷா ஓடி முடிச்சு, ஸ்கூல் பிள்ளைங்க போயி, காய்க்காரம்மா கூடையை இறக்கி ஏத்திப் போற வரைக்கும் நிப்பேன். சாயங்காலம் வரதராஜுலு சார் பேப்பரோட வந்து நிப்பார். உக்காருங்க சார்னா, உக்காந்தா இடம் பிடிச்ச மாதிரி ஆயிடும்மான்னு நின்னுக்கிட்டே படிப்பார். வீட்ல எல்லாரும் என்னைத் திட்டினாங்க. கால் வீங்குச்சு. அலுப்பா இருந்துச்சு, ஆமா, ரொம்ப அலுப்பா இருந்துச்சு, ஆனா வீட்ல உக்காந்து "பார்க்கலாம்மா"ன்னு சொல்ற அலுப்பு வேற, இது வேற.

மழை திரும்பி வந்துச்சு. எதிர் வீட்ல கார் கழுவற தண்ணி என் காலைச் சுத்தித்தான் ஓடும். ஒரே இடத்துல நிக்கறோமே, தினமும் தண்ணி படுதே, நமக்கும் ஏதாவது ஆயிடுமோன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம், அதனால காலை மாத்தி மாத்தி வெச்சுக்குவேன். ஆனா எத்தனை நாளுக்குத்தான் ஞாபகமா மாத்தி வெக்கறது?

தேர்வு அன்னைக்கு நிரோஷா கடைசியா ஒரு தடவை உடம்பைச் சூடு பண்ணிக்கலாம்னு வந்தா. அதே ஆரஞ்சு பனியன், வெளுத்துப்போயிருந்துச்சு. ஏகாம்பரம் வேனை நிறுத்திட்டு ஓரமா நின்னார். அவ அந்த முனையிலிருந்து கிளம்பி வந்தா, இந்தத் தடவை திரும்பறதா இல்ல, நேரா இறங்கி பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடறதா இருந்தா. "ஆன்ட்டி, வழி!"ன்னு கத்தினா.

நான் காலைத் தூக்கினேன். வரல.

இடது கால் வந்துச்சு, வலது கால் வரல. குனிஞ்சு பார்க்க நேரமில்ல, அவ வந்துட்டா. இத்தனை வருஷத்துல இந்த உடம்புல மிச்சம் இருந்த தெம்பெல்லாம் சேர்த்து ஒரு இழு இழுத்தேன். கால் வெளிய வந்துச்சு, செருப்பு வரல. நான் வெறுங்காலோட சுவத்துல சாய்ஞ்சேன். அவ என்னைத் தாண்டி, பிளாட்பாரத்தை விட்டு இறங்கி, தெரு முனை திரும்பிப் போயிட்டா. ஏகாம்பரம் பஸ் ஸ்டாப் பக்கமே பார்த்துக்கிட்டு நின்னார்.

அப்புறம்தான் கீழ பார்த்தோம். செருப்பு வேர் விட்டிருந்துச்சு. வாருக்குப் பக்கத்துல ரெண்டு கொழுந்து.

மத்தியானமே சாரோட பெரிய பையன் வந்து பார்த்தான். எடுத்துடுங்க மேடம்னான். மாடி ஆபீசுக்குப் போய்க் கேட்டுப் பாரு தம்பி, கீழ் ஆபீசுக்கும் போய்க் கேளுன்னேன். அவன் செருப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தொட்டுக் கும்பிட்டுட்டுப் போயிட்டான். எங்க தெருவுல வேர் விட்டதை யாரும் எடுக்கமாட்டாங்க. செருப்பு ஒரு காலடி அளவுதான், ஓடறவங்க தாண்டிப் போயிடலாம், கார்தான் ஏற முடியாது.

சாயங்காலம் நிரோஷா வந்தா. ஷூவைக் கழட்டிக் கையில வெச்சிருந்தா, முட்டி வீங்கியிருந்துச்சு, மூஞ்சியிலேர்ந்து ஒண்ணும் தெரியல. வேன்லேர்ந்து இறங்கின ஏகாம்பரம் கேக்கவும் முடியாம நின்னார். நான்தான் கேட்டேன், "என்னடி ஆச்சு?"

அவ செருப்பு பக்கத்துல உக்காந்தா, பையிலேர்ந்து தண்ணி பாட்டிலை எடுத்தா, மூடியைத் திறந்தா, தான் ஒரு வாய் கூடக் குடிக்காம செருப்பு மேல மெதுவா ஊத்தினா. ஊத்திட்டு நிமிர்ந்து அவ அப்பாவைப் பார்த்து, ஜெயிச்சுட்டேன்ங்கற மாதிரி தலையாட்டினா. ஏகாம்பரம் ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கிட்டார்.

பாட்டில்ல இன்னும் கொஞ்சம் தண்ணி இருந்துச்சு. "மிச்சத்தையும் ஊத்துடி"ன்னேன்.